மனைவியிடம் நோயை மறைத்த கணித மேதை!
விழுப்புரம் ரெயில் பாதை பார்த்த சோகக் கதை

விழுப்புரம்:

சீமைக்குப் போன இடத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தார் ஒருவர். ஊரில் இருந்த இளம் மனைவிக்கு அதை எழுதவில்லை. மனைவி எழுதிய கடிதங்களும் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை.

இது சினிமாக் கதை அல்ல. உலகமே கொண்டாடும் கணித மேதை ராமானுஜத்தின் வாழ்க்கையில் நடந்தது.

அவர் ஈரோட்டில் பிறந்தவர். கும்பகோணத்தில் வளர்ந்தவர். பேர் வாங்கியது கேம்பிரிட்ஜில். ஆனால் அவருடைய வாழ்க்கையின் பெரிய திருப்பங்கள் எல்லாம் திண்டிவனம், விழுப்புரம் ரெயில் நிலையங்களைத் தாண்டித்தான் நடந்தன.

அந்தக் காலத்தில் கும்பகோணத்தில் இருந்து பட்டணம் போக ஒரே பாதைதான். மாயவரம், சிதம்பரம், கடலூர், விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு என்று மீட்டர் கேஜ் ரெயில் புகை கக்கிக்கொண்டு போகும். விருத்தாசலம் வழியாகப் போகும் கார்டு லைன் அப்போது கிடையாது.

பழைய வியாதி

ராமானுஜம் பிறந்தது 1887-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி. அப்பா சீனிவாச அய்யங்கார் ஜவுளிக் கடை குமாஸ்தா. அம்மா கோமளத்தம்மாள் கெட்டிக்காரர். கோவிலில் பஜனை பாடுவார். மகன்தான் அவருக்கு உயிர்.

பையனுக்கு கணக்கு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். மற்றப் பாடங்கள் ஏறவில்லை. கும்பகோணம் காலேஜில் கோட்டை விட்டார். 1906-ல் சென்னை பச்சையப்பன் காலேஜில் சேர்ந்தார். அங்கேயும் பாஸ் ஆகவில்லை.

அந்த வருஷம்தான் முதல் அடி விழுந்தது. கடுமையான வயிற்றுக்கடுப்பு! படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு கும்பகோணம் திரும்பினார். இந்த வயிற்றுக்கடுப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் இதைப் பற்றி ஒரு சேதி வருகிறது.

1909-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி கல்யாணம் நடந்தது. மணமகள் ஜானகி. கரூர் பக்கம் ராஜேந்திரம் கிராமத்துப் பெண். வயது பத்துதான்! அன்றைக்கு அது வழக்கம். பெண் பெரியவளாகும் வரை பிறந்த வீட்டிலேயே இருந்தாள்.

கல்யாணம் ஆன கொஞ்ச நாளில் ராமானுஜத்துக்கு விரை வீக்கம் வந்தது. ஆபரேஷன் செய்ய வீட்டில் பணம் இல்லை. 1910 ஜனவரியில் ஒரு டாக்டர் காசு வாங்காமல் செய்துகொடுத்தார்.

அந்தக் காலகட்டத்தில் இன்னொரு தடவையும் சென்னையில் படுத்துவிட்டார். ராதாகிருஷ்ண அய்யர் என்ற நண்பர் கவனித்துக்கொண்டு, கும்பகோணத்துக்கு ரெயில் ஏற்றி அனுப்பினார். கிளம்பும்போது ராமானுஜம் தன் கணக்கு நோட்டுகளை அந்த நண்பரிடம் கொடுத்தார். தான் செத்துப்போனால் இவற்றை இன்ன பேராசிரியரிடம் சேர்த்துவிடு என்று சொன்னார். நண்பர் கலங்கிப்போனார்.

அப்போதே அப்படித்தான். வியாதி வந்தால் உடம்பைப் பற்றிக் கவலை இல்லை. நோட்டைப் பற்றித்தான் கவலை!

திருக்கோவிலூரில் திறந்த கதவு

1910-ல் வேலை தேடிப் புறப்பட்டார் ராமானுஜம். விழுப்புரம் வந்து ரெயில் மாறி, திருக்கோவிலூர் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி அய்யர். 1907-ல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர்தான்.

தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தால் போதும் என்று ராமானுஜம் கேட்டார். டெபுடி கலெக்டர் நோட்டைப் புரட்டினார். திகைத்துப்போனார். இப்பேர்ப்பட்ட மூளையை ரெவின்யூ ஆபீஸ் கட்டுகளுக்குள் போட்டுப் புதைப்பது பாவம் என்று அவருக்குப் பட்டது. வேலை கொடுக்கவில்லை. சென்னையில் உள்ள கணித அறிஞர்களுக்குச் சிபாரிசு செய்து அனுப்பினார்.

கேட்ட வேலை கிடைத்திருந்தால், தென்னாற்காடு ஜில்லாவில் ஒரு குமாஸ்தாவாகவே காலம் ஓடி இருக்கும். உலகத்துக்கு ராமானுஜம் கிடைத்திருக்கமாட்டார்.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 30 ரூபாய். அந்த வருஷக் கடைசியில் ஜானகி புகுந்த வீட்டுக்கு வந்தார். மாமியாரும் கூடவே இருந்தார். கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசக்கூட நேரம் இல்லை. அவர் ஆபீஸ் போவார், வருவார், கணக்குப் போடுவார்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ராமானுஜம் கடிதம் எழுதியதும், அவர் அசந்துபோய் சீமைக்கு அழைத்ததும் ஊர் அறிந்த கதை.

குடுமி போன அன்று

கடல் தாண்டினால் ஜாதியை விட்டுத் தள்ளிவைக்கும் காலம் அது. அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து உத்தரவு கொடுத்ததாகச் சொல்லி இறங்கிவந்தார்.

சென்னைப் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுன் உதவித்தொகை கொடுத்தது. அதில் 50 பவுனைக் குடும்பத்துக்கு ஒதுக்கினார்கள்.

கப்பல் ஏறுவதற்கு முன்பே தாயாரையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு ரெயில் ஏற்றி அனுப்பிவிட்டார் ராமானுஜம். குடுமியை வெட்டி, கோட்டும் சூட்டும் போட்ட கோலத்தை அவர்கள் பார்க்கவேண்டாம் என்று நினைத்தார்.

ஜானகிக்கு அப்போது 15 வயதுகூட நிரம்பவில்லை. ரெயில் திண்டிவனம், விழுப்புரம் தாண்டிப் போனது. அடுத்த ஐந்து வருஷம் அவர் கணவன் முகத்தைப் பார்க்கவில்லை.

1914 மார்ச் 17-ந் தேதி நெவாசா என்ற கப்பல் சென்னையை விட்டுப் புறப்பட்டது.

குளிரும் பட்டினியும்

இங்கிலாந்தில் குளிர் வாட்டியது. கட்டிலில் கம்பளியை எப்படிப் போர்த்திக்கொள்வது என்றுகூட ராமானுஜத்துக்குத் தெரியவில்லை. விரித்த கம்பளிக்கு மேலேயே படுத்து நடுங்கினார். கேம்பிரிட்ஜில் படித்த மகலனோபிஸ் பார்த்துவிட்டு, உள்ளே நுழைந்து படுக்கக் கற்றுக்கொடுத்தார்.

ராமானுஜம் சுத்த சைவம். காலேஜ் சாப்பாட்டைத் தொடமாட்டார். தானே சமைப்பார். கணக்கில் மூழ்கினால் ராப்பகல் தெரியாது. சாப்பாடு மறந்துபோகும். வந்த ஆறாவது மாதத்துக்குள் முதல் உலகப் போர் மூண்டது. காய்கறிக்கும் பாலுக்கும் தட்டுப்பாடு வந்தது.

1917-ல் உடம்பு விழுந்துவிட்டது. காய்ச்சல், வயிற்று வலி, எடை இறக்கம். கேம்பிரிட்ஜ் மருத்துவ விடுதி, மெண்டிப் மலை சானடோரியம், மேட்லாக் சானடோரியம், லண்டன் ஆஸ்பத்திரி என்று இடம் மாறி இடம் போனார். காசநோய் என்று நினைத்து வைத்தியம் நடந்தது. குளிர் காற்றில் கிடக்கவேண்டும் என்பது அப்போதைய வைத்திய முறை. திருச்சி, தஞ்சை வெயிலில் வளர்ந்த உடம்பு என்ன ஆகும்?

மேட்லாக் சானடோரியத்தில் ராமலிங்கம் என்ற தமிழ் இன்ஜினீயர் போய்ப் பார்த்தார். ராமானுஜம் சரியாகச் சாப்பிடவில்லை என்று பதறி, ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார்.

கடிதம் நின்றது

ஊருக்கு மட்டும் சேதி போகவில்லை.

சீமைக்குப் போன புதிதில் ராமானுஜம் மாதம் மூன்று, நாலு கடிதம் எழுதுவார். வருஷம் ஆக ஆக அது குறைந்தது. 1917-ல் அனேகமாக நின்றேவிட்டது. உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவர் மனம் திறந்து எழுதவில்லை.

இந்தப் பக்கம் கும்பகோணத்திலும் ஒரு கதை நடந்தது. ஜானகி கணவனுக்கு எழுதிய கடிதங்கள் போய்ச் சேரவில்லை. அவர் எழுதியதும் ஜானகி கைக்கு வரவில்லை. மாமியார் நடுவில் தடுத்துவிட்டார் என்று ஜானகி அம்மாள் வயதான காலத்தில் சொன்னார்.

கோமளத்தம்மாளை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. மகன் மேல் உயிரை வைத்த தாய். மகன் கையைவிட்டுப் போய்விடுவானோ என்ற பயம் எத்தனையோ வீடுகளில் உண்டு. ஆனால் அந்தப் பயத்துக்கு ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் நோயில் கிடந்தவர் விலை கொடுத்தார்.

வீட்டில் இருக்க முடியாமல் ஜானகி, கராச்சியில் வேலை பார்த்த சகோதரரிடம் போய்விட்டார். அங்கிருந்து, கல்யாணத்துக்குப் புடவை வாங்கப் பணம் கேட்டு எழுதினார். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தது. ராமானுஜமும் பணம் அனுப்பினார்.

பணம் வந்தது. தான் படும் பாட்டை மட்டும் அவர் சொல்லவில்லை!

தண்டவாளத்தில் பாய்ந்தார்

1918 தொடக்கத்தில், மனம் நொந்த நிலையில் லண்டன் சுரங்க ரெயில் முன்னால் ராமானுஜம் பாய்ந்துவிட்டார். ரெயில் சில அடி தூரத்தில் நிறுத்தப்பட்டது. உயிர் தப்பினார். போலீஸ் பிடித்தது. ஹார்டி ஓடிவந்து மீட்டார்.

அதே வருஷம்தான் பெரிய கவுரவங்களும் வந்தன. ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். அக்டோபரில் டிரினிடி காலேஜ் பெல்லோ ஆனார். இந்தியர் ஒருவருக்கு அந்தப் பதவி கிடைத்தது அதுவே முதல் தடவை.

பத்திரிகையில் பெருமை வந்தது. நோய் வரவில்லை.

பட்னி ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த ஹார்டி, தான் வந்த டாக்சியின் நம்பர் 1729 என்றும், அது சாதாரண எண் என்றும் சொன்னார். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று படுக்கையில் இருந்தபடியே ராமானுஜம் மறுத்தார். 12 கனமும் 1 கனமும் கூட்டினாலும் 1729. 10 கனமும் 9 கனமும் கூட்டினாலும் 1729!

1919 ஜனவரியில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தனக்குத் தரும் பணத்தில் பெற்றோருக்கு வருஷம் 50 பவுன் கொடுத்து, செலவு போக மிச்சத்தை ஏழைப் பையன்கள், அனாதைகள் படிப்புக்குக் கொடுக்கச் சொன்னார். சாவுப் படுக்கையிலும் அந்த மனசு!

ஜானகி எங்கே?

1919 மார்ச்சில் பம்பாயில் கப்பல் வந்து நின்றது. அம்மாவும் தம்பியும் காத்திருந்தார்கள். எலும்பும் தோலுமாக இறங்கிய ராமானுஜம் கேட்ட முதல் கேள்வி, ஜானகி எங்கே என்பதுதான்.

அவர் திரும்பி வரும் சேதியையே ஜானகி பத்திரிகை மூலமாகத்தான் தெரிந்துகொண்டார். தகவல் போனதும் சகோதரருடன் சென்னைக்கு ஓடிவந்தார். 15 வயதில் பிரிந்தவர், 20 வயதில் பார்த்தார். பிரிந்தபோது கொழுகொழு என்று இருந்த கணவன். இப்போது நடக்கவும் தெம்பு இல்லாத உருவம்.

அதற்குப் பிறகு இரண்டு பேரையும் பிரிக்க முடியவில்லை. கொடுமுடியில் சில மாதம். பிறகு கும்பகோணம். உன்னையும் கூட அழைத்துப் போயிருந்தால் எனக்கு இந்த வியாதியே வந்திருக்காது என்று ராமானுஜம் மனைவியிடம் சொல்லி வருந்தினாராம்.

கடைசி ரெயில்

1920 ஜனவரியில் வைத்தியத்துக்காக மறுபடியும் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அதே பாதை. விழுப்புரம். திண்டிவனம். அதுதான் அவருடைய கடைசி ரெயில் பயணம்.

சேத்துப்பட்டு பங்களாவில் கடைசி நாட்கள். காலும் வயிறும் வலிக்கும். ஜானகி பித்தளைப் பாத்திரத்தில் வெந்நீர் போட்டு ஒத்தடம் கொடுப்பார். வேளாவேளைக்குப் பால் கொடுப்பார். வலி கொஞ்சம் அடங்கினால் ராமானுஜம் காகிதத்தைக் கேட்பார். சாவதற்கு நாலு நாள் முன்பு வரை கணக்குப் போட்டார்.

1920 ஏப்ரல் 26-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 32. கடல் தாண்டியவர் என்று உறவினர்கள் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை.

என்ன நோய்?

1994-ல் யங் என்ற ஆராய்ச்சியாளர் பழைய மருத்துவக் குறிப்புகளை அலசினார். அது காசநோயே அல்ல, வயிற்றுக்கடுப்பு உண்டாக்கும் அமீபா கிருமி ஈரலைத் தாக்கிய நோய்தான் என்பது அவர் முடிவு. 1906-ல் சென்னையில் வந்த அந்த வயிற்றுக்கடுப்பு, உடம்புக்குள் ஒளிந்திருந்து பிறகு கொன்றிருக்கவேண்டும் என்கிறார். அந்த நோய்க்கு அந்தக் காலத்திலேயே மருந்து உண்டு!

ஜானகி அம்மாள் 21 வயதில் விதவையானார். பம்பாயில் தையல் கற்றுக்கொண்டார். பிறகு திருவல்லிக்கேணிக்கு வந்து, பல்கலைக்கழகம் கொடுத்த 20 ரூபாய் பென்ஷனோடு துணி தைத்துப் பிழைத்தார். ஒரு பையனைத் தத்து எடுத்து ஆளாக்கினார். கணவனுக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று 1981-ல் பத்திரிகை மூலம் கேட்டார். அமெரிக்கக் கணித அறிஞர் ஆஸ்கி முயற்சி எடுக்க, வெளிநாட்டு அறிஞர்கள் பணம் போட்டு மார்பளவுச் சிலை செய்து கொடுத்தார்கள்.

கணவன் போய் 74 வருஷம் வாழ்ந்து, 1994 ஏப்ரல் 13-ந் தேதி ஜானகி அம்மாள் காலமானார்.

அந்த மீட்டர் கேஜ் பாதை இன்று இல்லை. அகலப் பாதையில் மின்சார ரெயில் ஓடுகிறது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் இருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் எத்தனையோ பேர். கடிதத்துக்குப் பதில் செல்போன் வந்துவிட்டது. காய்ச்சலில் படுத்துக்கொண்டே, நல்லா இருக்கேன் என்று சொல்லிப் போனை வைக்கும் பழக்கம் மட்டும் இன்னும் மாறவில்லை.