கொள்ளை நோய்க்கு அணை கோலிய ஹாஃப்கின்

பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத் தருமபுரிக்கு இறங்கி வரும் பெருவழி, வணிகத்தோடு நோயையும் சுமந்து வந்த வழியாகும். 1898ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பெங்களூரைப் பற்றிய பிளேக் நோய், தானிய மூட்டைகளோடும் அவற்றினுள் ஒளிந்திருந்த எலிகளோடும் எல்லை கடந்து ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களுக்கும் வந்து சேர்ந்தது. அன்று சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த இவ்வட்டாரங்கள் 1965ஆம் ஆண்டு முதல் 2004ஆம் ஆண்டு வரை தருமபுரி மாவட்டத்தில் அடங்கியிருந்தன. கேழ்வரகை மண்ணுக்குள் குழி தோண்டிச் சேமித்த ஊர்கள் இவை. மண்சுவரும் கூரையுமாக அமைந்த வீடுகள் எலிகளுக்கும் வீடாயின. கூரையிலிருந்து எலி செத்து விழுந்தால் மக்கள் ஊரைக் காலி செய்துகொண்டு வயல்வெளியில் குடிசை போட்டுத் தங்கினர். எலிக்கும் மனிதனுக்கும் இடையே நோய் எவ்வாறு தாவுகிறது என்பதை ஆய்வாளர் உறுதி செய்வதற்கு முன்னரே, ஊரை விட்டு நீங்குவதே உயிருக்குக் காவல் என்பதைப் பட்டறிவால் உணர்ந்திருந்த மக்கள் அவர்கள். பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எடுத்த தலைமுறையும் அதுவே.

அத்தலைமுறையின் கைகளில் ஊசி ஏற்றப்பட்டபோது, அவ்வூசியில் இருந்த மருந்து பம்பாயிலிருந்து வந்தது. அதனை ஆக்கியவர் வால்டெமார் ஹாஃப்கின். ரஷ்யப் பேரரசில் பிறந்த யூதர். மருத்துவப் பட்டம் பெறாதவர், விலங்கியல் பயின்றவர். இந்தியாவில் இலட்சக்கணக்கான உயிர்களைக் காத்தவர் என்ற புகழும், பத்தொன்பது உயிர்களைப் பலிகொண்டவர் என்ற பழியும் ஒருசேர அவரைச் சூழ்ந்தன. அப்புகழினும் அப்பழியே அவர் வாழ்வை வடிவமைத்தது எனலாம்.

1860ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் கருங்கடற்கரை நகரமாகிய ஓடெஸ்ஸாவில் ஹாஃப்கின் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில், உடலின் வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை விழுங்கும் இயல்பைப் பின்னாளில் கண்டறிந்த மெச்னிகாவ் அவருக்கு ஆசானாக வாய்த்தார். யூதர் மீது கலவரக் கும்பல்கள் பாய்ந்த காலம் அது. தம் மக்களைக் காக்க எழுந்த இளைஞர் குழுவில் சேர்ந்த ஹாஃப்கின் சிறை செல்ல நேர்ந்தது. ஆசானின் முயற்சியால் விடுதலை பெற்றார். சமயம் மாறினால் பல்கலைக்கழகப் பதவி கிட்டும் என்ற நிலை வந்தபோது அதனை மறுத்துவிட்டார். இம்மறுப்பு ஒரு புலமையாளரின் வாழ்வில் சிறிய செய்தியன்று. விலங்கியல் அருங்காட்சியகத்தில் சில ஆண்டுகள் கழித்து, 1888இல் ஜெனீவா நகருக்கும் மறு ஆண்டு பாரிசுக்கும் சென்றார். பாரிசில் பாஸ்டர் நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்த இடம் நூலகப் பணியே. நூல்களை அடுக்கிய நேரம் போக எஞ்சிய பொழுதை ஆய்வுக்கூடத்தில் செலவிட்டார்.

அந்நிறுவனம் விலங்குகளிடமிருந்து மனிதர்க்கான பாடத்தைக் கற்ற இடமாகும். கோழிகளைக் கொல்லும் நோயிலும், ஆடுமாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோயிலும், நாய்க்கடியால் வரும் வெறிநோயிலும் லூயி பாஸ்டர் கண்ட உண்மை ஒன்றே: வலுவிழந்த கிருமியை உடலுக்குள் செலுத்தினால், வலுமிக்க கிருமி வரும்போது உடல் அதனை எதிர்கொள்ளப் பழகியிருக்கும். ஹாஃப்கின் இவ்வழியைக் காலராவுக்குப் பொருத்தினார். கினிப்பன்றிகளின் வயிற்றறையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிருமியைச் செலுத்தி அதன் வீரியத்தை ஏற்றினார். வெப்பத்திலும் காற்றோட்டத்திலும் வளர்த்து அதன் வீரியத்தைத் தணித்தார். முதலில் தணிந்ததும் பின்னர் வீரியமிக்கதுமாக இருமுறை ஊசி போடுவது அவர் முறை. 1892ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் அம்மருந்தை முதலில் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். காய்ச்சல் வந்து நீங்கியது.

காலராவின் தாயகத்திலேயே தம் மருந்தைச் சோதிக்க விழைந்த அவர், 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கல்கத்தா வந்தடைந்தார். முன்பு இந்தியாவின் வைசிராயாகவும் அப்போது பாரிசில் பிரித்தானியத் தூதராகவும் இருந்த டஃபரின் பிரபு அதற்கு வழி செய்தார். வெள்ளையர் கொண்டுவந்த ஊசி என்றாலே மக்கள் அஞ்சிய காலம். 1894இல் கல்கத்தாவின் குடிசைப் பகுதியொன்றில் அவரைக் கல்வீச்சு வரவேற்றது. அவரோ, உடன் வந்தவர்களோ காவலரை அழைக்கவில்லை. ஹாஃப்கின் தம் சட்டையை நீக்கி எல்லோர் முன்னிலையிலும் தமக்கு ஊசி போடச் செய்தார். உடன் வந்த இந்திய மருத்துவர்களும் அவ்வாறே செய்தனர். கூட்டம் மெல்ல முன்வந்தது. கட்டால்பாகன் பகுதியில் ஒரு குளத்தைச் சுற்றி வாழ்ந்த இருநூறு பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அதன் பின்னர் அங்கே காலரா கண்டவர் பத்துப் பேர், இறந்தவர் எழுவர். அவர் அனைவரும் ஊசி போடாத 84 பேரைச் சேர்ந்தவர்கள்.

இவ்விடத்தில் ஒன்றைக் கருத வேண்டும். ஹாஃப்கினின் தனித்திறம் கிருமியைத் தணிப்பதில் மட்டும் அமையவில்லை. ஒரே வீடு, ஒரே நீர், ஒரே உணவு என்றிருக்கும் மக்களுள் ஊசி போட்டவர் இத்தனை பேர், போடாதவர் இத்தனை பேர், நோய் கண்டவர் எவர், இறந்தவர் எவர் என்று இரு பத்தியாக எழுதி ஒப்பிட்ட நேர்மையே அவரது பெருந்திறம். மக்களைக் கட்டாயப்படுத்துவதை அவர் விரும்பவில்லை. தாமே விரும்பி வருவோர்க்கு ஊசி. வராதோர் ஒப்பீட்டுக்கு உதவுவர். மருந்து பலிக்கவில்லை என்றால் அக்கணக்கே அதனை வெளிப்படுத்திவிடும்.

1896ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பம்பாயில் பிளேக் தோன்றியது. அரசின் ஆணைப்படி அக்டோபர்த் திங்களில் ஹாஃப்கின் அங்குச் சென்றார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்தவை ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும். உதவிக்கு ஓர் எழுத்தரும் மூன்று ஏவலாளரும். மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ கலந்தால் மருந்தைத் தொடமாட்டார் பலர் என்பதால், கிருமி வளரும் சாற்றினை ஆட்டிறைச்சியிலிருந்து ஆக்கினார். சாற்றின் மேல் சில துளி நெய்யை மிதக்கவிட்டபோது, அதனைப் பற்றிக்கொண்டு குகைக் கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகள் போலக் கிருமித்திரள் கீழ்நோக்கி வளர்ந்தது. அவ்விழுதுகளைக் குலுக்கி உதிர்த்து, மீண்டும் வளரவிட்டு, இறுதியில் வெப்பத்தால் கிருமிகள் அனைத்தையும் கொன்றார். இறந்த கிருமியே மருந்தாயிற்று. 1897ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், பின்னர் மக்களுக்கு வழங்கிய அளவினும் ஏறக்குறைய நான்கு மடங்கு மருந்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். கடுங்காய்ச்சலும் வலியும் கண்டன. எனினும் பணியை நிறுத்தவில்லை. அத்திங்கள் இறுதியில் பைகுல்லாச் சிறையில் பிளேக் தோன்றவே, கைதிகளுள் தாமே முன்வந்தோர்க்கு ஊசி போடப்பட்டது. பெரும்பயன் விளைந்தது.

அதே ஆண்டில் புணேயில் நடந்ததை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். அங்கே பிளேக் அதிகாரியாக இருந்த ராண்ட் என்பவரின் ஆட்சியில் படைவீரர்கள் வீடு புகுந்து சோதனையிட்டனர், பெண்டிர் அவமதிப்புக்கு உள்ளாயினர், பூசையறையும் தப்பவில்லை. ஜூன் 22ஆம் நாள் சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டனர். நோய்க்கு அஞ்சிய மக்கள் அதனினும் மிகுதியாக அரசுக்கு அஞ்சினர். சென்னை மாகாணத்திலும் பிளேக் பகுதிகளிலிருந்து வருவோர் பிளேக் பாஸ்போர்ட் எனும் சீட்டைப் பெற்று, நாள்தோறும் அதிகாரிமுன் தோன்ற வேண்டியிருந்தது. இச்சூழலில் ஆகா கான் தம் சமூகத்தார் காண ஊசி போட்டுக்கொண்டதோடு, ஆய்வுக்கூடத்திற்கென மாளிகையொன்றையும் அளித்தார். பரோடாவுக்கு அருகே உந்தேரா என்னும் சிற்றூரில், 1898இல் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பாதியினர்க்கு ஊசி போடப்பட்டது. ஊசி போட்ட 71 பேரில் எண்மருக்கு நோய் கண்டு மூவர் இறந்தனர். போடாத 64 பேரில் 27 பேருக்கு நோய் கண்டு 26 பேர் இறந்தனர். 1899இல் பம்பாய் பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகையே பிளேக் ஆய்வுக்கூடமாயிற்று.

ஆயினும் நோய் எவ்வழியாக வருகிறது என்ற வினாவுக்கு ஹாஃப்கினிடம் விடை இல்லை. அதனைக் கண்டவர், அதே பாஸ்டர் மரபில் வந்த சிமோந். 1898இல் கராச்சியில், நோயுற்ற எலியின் தெள்ளுப்பூச்சிகளே நோயைக் கடத்துகின்றன என்று அவர் காட்டினார். பலர் நகைத்தனர், 1905 முதல் இந்தியாவில் இயங்கிய பிளேக் ஆய்வுக்குழு அதனை மெய்ப்பித்தது. எலி இறந்து அதன் உடல் குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சிகள் சூடான வேறோர் உடலை நாடுகின்றன. பூச்சியின் உணவுக்குழலைக் கிருமித்திரள் அடைத்துவிடுவதால் அதன் பசி அடங்குவதில்லை. மீண்டும் மீண்டும் கடிக்கிறது. உறிஞ்சிய குருதி கிருமியோடு கலந்து கடிவாய்க்கே திரும்புகிறது. மனிதனுக்குத் தொடையிலோ அக்குளிலோ நெறிக்கட்டி தோன்றுகிறது. நுரையீரலை நோய் எட்டிவிட்டால் பூச்சியும் வேண்டுவதில்லை, இருமலே போதும். எலி விழுந்த வீட்டை விட்டு நீங்கிய ஓசூர் மக்களின் வழக்கம் எத்துணைப் பொருளுடையது என்பது இதனால் விளங்கும்.

1902ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் பஞ்சாபின் முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஐந்து புட்டிகளிலிருந்து மருந்து எடுக்கப்பட்டது. நான்கு புட்டிகளின் மருந்தைப் பெற்றவர்களுக்கு எத்தீங்கும் இல்லை. 53-என் என்னும் குறியிட்ட ஒரு புட்டியிலிருந்து மருந்து பெற்ற பத்தொன்பது பேரும் ரண ஜன்னி கண்டு இறந்தனர். ஊர்ப்புற மக்கள் நம்பி நீட்டிய கைகள் அவை. அப்பத்தொன்பது குடும்பங்களின் துயரை எந்த ஆய்வு முடிவும் ஆற்றியிருக்க முடியாது.

விசாரணைக்குழு அமைந்தது. பம்பாய் ஆய்வுக்கூடத்திலேயே புட்டி கெட்டிருக்க வேண்டும் என்றது அக்குழு. மருந்தில் கார்பாலிக் அமிலம் சேர்க்கும் வழக்கத்தை ஹாஃப்கின் அப்போது விட்டிருந்தது பெருங்குற்றமாகப் பேசப்பட்டது. பதவியிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட அவர் 1904இல் இந்தியாவை விட்டு நீங்கினார். ஆனால் புட்டியைத் திறந்தபோது உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்தது என்பதும், அதனை முறையாகக் கொதிக்க வைக்காமல் மருந்துநீரில் தோய்த்தெடுத்துப் பயன்படுத்தினர் என்பதும் சாட்சியத்திலேயே இருந்தன. ரண ஜன்னியின் கிருமி மண்ணில் வாழ்வது. கால்நடைச் சாணத்தில் மிகுவது. மருந்து பல நாள் முன்பே கெட்டிருந்தால் திறந்தவுடன் துர்நாற்றம் வீசியிருக்கும். அவ்வாறு எதுவும் பதிவாகவில்லை. மலேரியாவைப் பரப்புவது கொசுவே எனக் கண்ட ரொனால்ட் ராஸ் இவ்வழக்கைத் தம் வழக்காகவே மேற்கொண்டார். 1907ஆம் ஆண்டு ஜூலையில் அவரும் பிற அறிஞர்களும் டைம்ஸ் இதழுக்கு எழுதிய மடல் அரசை அசைத்தது. ஹாஃப்கின் மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டார். அவ்வொரே ஆண்டில் இந்தியாவில் பிளேக்கால் இறந்தோர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர் என்பதை எண்ணும்போது, அவர் விலக்கி வைக்கப்பட்டிருந்த ஆண்டுகளின் இழப்பு எத்தகையது என்பது புலனாகும்.

திரும்பி வந்தவருக்குப் பம்பாய் ஆய்வுக்கூடம் கிட்டவில்லை. கல்கத்தாவில் ஒரு பணி தரப்பட்டது. மனிதரிடையே சோதனை நடத்தும் உரிமை மறுக்கப்பட்டது. அழைத்தும் அழைக்காத அவ்வரவேற்பில் ஏழாண்டுகள் கழித்து, 1914இல் ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பினார். மணம் செய்துகொள்ளவில்லை. முதுமையில் யூத சமய நெறியில் ஆழ்ந்து, தம் செல்வத்தை யூத சமயக் கல்விக்கென அறக்கட்டளையாக்கினார். 1925இல் பம்பாய் ஆய்வுக்கூடம் ஹாஃப்கின் நிறுவனம் எனப் பெயர் பெற்றது. அதற்குள் அங்கிருந்து இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அளவு பிளேக் மருந்து வெளியே சென்றிருந்தது. 1930ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் காலமானார். 1964இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது.

அவர் மறைந்த பின்னரும் ஓசூர், கோலார் எல்லைப்புறத்தை நோய் எளிதில் விடவில்லை. வீட்டெலி நோய் கண்டு மடிந்துவிடும். வயல்வெளி வெள்ளெலியோ கிருமியைத் தன் வளைக்குள் நெடுநாள் காத்து வைக்கும். பூச்சிக்கொல்லித் தூளும், ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகளும் வந்த பிறகே மனிதரிடையே நோய் அருகியது. ஓசூர் வட்டாரத்தை ஒட்டிய கோலார் மாவட்டத்தின் முளபாகலில் 1966ஆம் ஆண்டு ஒருவருக்குப் பிளேக் கண்டது ஆய்வுக்கூடச் சான்றுடன் உறுதியாயிற்று. அதன் பின் இருபத்தெட்டு ஆண்டுகள் இந்தியாவில் பிளேக் பேச்சே எழவில்லை. 1994இல் மகாராட்டிரத்தின் பீடு மாவட்டத்திலும் குஜராத்தின் சூரத்திலும் அது மீண்டும் எழுந்தபோது, சூரத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் இரயிலேறி ஊரை விட்டு ஓடினர். எல்லைப்புற மாவட்டங்களில் எலி வளைகளை நோக்கி ஆய்வாளரின் கண்கள் மறுபடியும் திரும்பின.