வில்லியம் கேரி

செருப்புத் தைத்துப் பிழைத்த ஏழை ஒருவர் பன்மொழிப் புலவராகவும் கல்லூரிப் பேராசிரியராகவும் உயர்ந்தார். அவரை உயர்த்தியவை அயரா உழைப்பும் அசையாத இறைநம்பிக்கையுமே. அப்பெரியார் வில்லியம் கேரி ஆவார்.

கேரி, இங்கிலாந்து நாட்டில் பாலர்ஸ்பரி என்னும் சிற்றூரில் 1761ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் பிறந்தார். அவர்தம் தந்தையார் நெசவாளர். பின்னர் அவ்வூர்ப் பள்ளியின் ஆசிரியரானார். கேரி இளமையிலேயே செருப்புத் தைக்கும் தொழிலில் அமர்ந்தார். கை தோலைத் தைத்துக்கொண்டிருக்கும். கண் அருகில் விரித்து வைத்த நூலிற் பதிந்திருக்கும். இவ்வாறு இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் முதலிய மொழிகளைப் பெரிதும் தம் முயற்சியாலேயே கற்றுத் தேர்ந்தார். தாமே வரைந்த உலகப் படம் ஒன்றைத் தம் தொழிற்கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தார். அதனை நோக்குந்தோறும், தொலைநாட்டு மக்களுக்குக் கிறித்துவின் நற்செய்தியைக் கூறவேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்திற் பெருகியது.

1793ஆம் ஆண்டில் கேரி தம் குடும்பத்துடன் வங்காளம் வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் வறுமை வாட்டியது. மறு ஆண்டில் அவர்தம் சிறு மகன் பீட்டர் நோயால் இறந்தான். அத்துயரால் நலிந்த மனைவியார் டாரதி மனநோய்க்கு ஆளானார். கேரியோ, தம்மை அனுப்பிய இறைவன் தம்மைக் கைவிடான் என்று உறுதி கொண்டார். பகலில் அவுரித் தொழிற்சாலையை மேற்பார்த்தார். எஞ்சிய நேரத்தில் வங்காளமும் வடமொழியும் பயின்றார்.

1800ஆம் ஆண்டில், தேனியர் ஆட்சியில் இருந்த சீராம்பூருக்குக் கேரி குடிபெயர்ந்தார். அங்கு ஆசிரியர் மார்ஷ்மனும் அச்சுத்தொழில் வல்லுநர் வார்டும் அவருக்குத் துணையாயினர். மறு ஆண்டிலேயே வங்காள மொழியில் புதிய ஏற்பாடு அச்சேறியது. அதே ஆண்டில் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் கேரி ஆசிரியரானார். அங்குப் பெற்ற ஊதியத்தின் பெரும்பகுதியை அவர் பொதுப்பணிக்கே அளித்துவிட்டார்.

1812ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் மாலை, சீராம்பூர் அச்சகத்தில் தீப்பற்றியது. காகிதக் குவியல்கள் எரிந்தன. பல மொழிகளுக்குரிய ஈய எழுத்துக்கள் உருகி ஓடின. அவற்றுள் தமிழ் எழுத்துக்களும் அடங்கும். கேரி பல்லாண்டுகள் உழைத்து எழுதிய பன்மொழி அகராதியின் கையெழுத்துப் படிகளும், இலக்கண நூற்படிகளும், மொழிபெயர்ப்புக்களும் சாம்பலாயின. கல்கத்தாவிலிருந்த கேரிக்கு மார்ஷ்மன் இச்செய்தியைக் கொண்டு சென்றார்.

அப்பொழுது கேரிக்கு வயது ஐம்பது. இழந்தவற்றை மீண்டும் எழுத வாழ்நாள் போதுமா என்ற ஐயம் யார்க்கும் எழுவது இயல்பே. அவர் வருந்தினார், ஆயினும் முணுமுணுக்கவில்லை. ஒரு முறை நடந்த வழியில் மறுமுறை நடப்பது எளிது என்று தேறி, முதற் பக்கத்திலிருந்து மீண்டும் எழுதத் தொடங்கினார். எழுத்து வார்ப்பதற்குரிய எஃகு அச்சுக்கள் இடிபாடுகளிடையே அழியாமற் கிடைத்தன. அச்சுப்பொறிகளும் தப்பியிருந்தன. உருகிய ஈயத்தையே திரட்டி, இந்தியத் தொழிலாளர்கள் இரவும் பகலும் புதிய எழுத்துக்களை வார்த்தனர். சில திங்களில் அச்சகம் மீண்டும் முழங்கியது. செய்தியறிந்த இங்கிலாந்து மக்களும் பொருளுதவி அனுப்பினர்.

1818ஆம் ஆண்டில் கேரியும் தோழர்களும் சீராம்பூர்க் கல்லூரியை நிறுவினர். கணவன் இறந்தால் மனைவியை உடன் எரிக்கும் கொடிய வழக்கத்தைக் கேரி பல்லாண்டுகள் எதிர்த்து வந்தார். 1829ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அதனைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. அதனை வங்காளத்தில் பெயர்க்குமாறு ஒரு ஞாயிற்றுக்கிழமை கேரிக்கு ஆணை வந்தது. சிறிது தாழ்ப்பினும் உயிர்கள் மடியும் என்றெண்ணிய அவர், அன்றைய திருச்சபைச் சொற்பொழிவைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு, மாலைக்குள் பணியை முடித்தார். உயிர் காப்பதும் வழிபாடே என்பதை அவர் செயலாற் காட்டினார்.

1834ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 9ஆம் நாள் கேரி சீராம்பூரில் இறைவனடி சேர்ந்தார். இறைவனை நம்புதல் என்பது கைகட்டி வாளா இருத்தல் அன்று. நம் கடமையை முழுமையாகச் செய்து, பயனை அவன்பால் விடுதலே ஆகும். எரிந்த ஏட்டை மீண்டும் எழுத அமர்ந்த கேரியின் வாழ்வு நமக்கு இதனையே உணர்த்துகிறது.