ஊழற்பழியும் கட்சிப்பகையும்: ராபர்ட் வால்போலின் அரசியல் வாழ்க்கை

முன்னுரை

பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கில அங்கத இலக்கியத்தைப் பயில்வோர் ஒரே மனிதரைப் பல வேடங்களில் மீண்டும் மீண்டும் காண நேரும். ஜானதன் ஸ்விஃப்டின் கலிவர் கதையில் கயிற்றின்மேல் ஆடித் தம் பதவியைக் காத்துக்கொள்ளும் லில்லிபுட் நாட்டுக் கருவூல அமைச்சராகவும், ஜான் கேயின் பிச்சைக்காரர் இசைநாடகத்தில் திருடர் தலைவர்களோடு ஒப்பவைத்து நகைக்கப்படுபவராகவும் வரும் அவர் ராபர்ட் வால்போல் (1676-1745). பிரிட்டனின் முதல் தலைமையமைச்சர் என வரலாற்று நூல்கள் அவரைச் சுட்டும். ஊழலின் உருவம் என இலக்கியம் சுட்டும். கலிவர் கதை தமிழில் பெரும்பாலும் சிறுவர் கதையாகவே அறிமுகமானதால், அதன் பின்னணியிலுள்ள கட்சிப்போர் நம்மிடையே போதிய கவனம் பெறவில்லை.

இக்கட்டுரை வால்போலின் வாழ்க்கையை ஒரு கேள்வியை முன்வைத்து நோக்குகிறது. ஊழற்குற்றச்சாட்டு அவர் காலத்தில் யாரால், எப்போது, எந்த மன்றத்தில் எழுப்பப்பட்டது என்பதே அக்கேள்வி. அவர் அப்பழிக்கு இருமுறை ஆளானார். தம் எதிரிகளை ஒருமுறை குற்றக்கூண்டில் நிறுத்தினார். தம் அணியினரை ஒருமுறை பழியிலிருந்து காத்தார். இந்நிலைகள் அனைத்திலும் நின்ற ஒருவரின் வாழ்க்கையைக் கொண்டு, குற்றச்சாட்டின் உண்மையையும் அதன் கட்சிப்பயனையும் வேறுபடுத்திக் காண இயலும்.

நார்ஃபோக்கிலிருந்து நாடாளுமன்றத்திற்கு

நார்ஃபோக் மாவட்டத்து ஹவுட்டன் என்னும் ஊரில் நிலவுடைமைக் குடும்பத்தில் வால்போல் பிறந்தார். ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் பயின்ற அவர் சமயப்பணிக்கே உரியவராகக் கருதப்பட்டார். 1698இல் தமையன் இறக்கவே குடும்பப் பொறுப்பு இவர்மேல் விழுந்தது. 1700இல் தந்தையும் மறைந்தார். அடுத்த ஆண்டு தந்தையின் தொகுதியான காசில் ரைசிங்கிலிருந்து பொதுமக்கள் அவைக்குச் சென்றார். 1702 முதல் கிங்ஸ் லின் தொகுதி அவருடையதாயிற்று.

அக்காலத்து இருபெருங் கட்சிகள் விக், டோரி என்பன. இவ்விரு பெயர்களுமே வசைச்சொற்களாகப் பிறந்தவை. விக் என்பது ஸ்காட்லாந்துக் கலகக்காரரையும், டோரி என்பது அயர்லாந்து வழிப்பறியாளரையும் குறித்தது. எதிரி சூட்டிய இழிபெயரையே கட்சியின் பெயராக ஏற்றுக்கொண்ட இச்செய்தி, அன்றைய பகைமையின் தன்மையை நீண்ட விளக்கத்தைவிடத் தெளிவாக உணர்த்துகிறது. ஆங்கிலத் திருச்சபையையும் நிலக்கிழார் நலனையும் டோரிகள் முன்னிறுத்தினர். புராட்டஸ்டண்ட் அரசுரிமை, நாடாளுமன்ற மேலாண்மை, வணிகர் நலன் ஆகியவை விக்குகளின் கொள்கைகள். ஸ்பானிய அரசுரிமைப் போரைத் தொடர்வதா முடிப்பதா என்னும் வழக்கு இப்பிளவை மேலும் ஆழமாக்கியது. வால்போல் விக் அணியினர். 1708இல் போர்த்துறைச் செயலரானார், 1710இல் கடற்படைப் பொருளாளரானார்.

குதிரைத் தீவன ஒப்பந்தம்

1710 தேர்தலில் டோரிகள் பெருவெற்றி பெற்றனர். முந்தைய ஆட்சி மூன்றரைக் கோடி பவுண்டுக்குக் கணக்குக் காட்டவில்லை என 1711இல் புதிய அவை குற்றஞ்சாட்டியது. கணக்குநுட்பம் அறிந்த வால்போல் இதனை மறுத்துச் சிறுநூல்கள் எழுதினார். அம்மறுப்பு வலுவானது, ஆகவே மறுத்தவரை வீழ்த்தவேண்டிய தேவை ஆளுங்கட்சிக்கு எழுந்தது. பொதுக்கணக்கு ஆணையர் பழைய பதிவேடுகளைத் துருவினர். படைத்தலைவர் மார்ல்பரோ கோமகனும் இதே ஆய்வில் சிக்கி 1711 இறுதியில் பதவியிழந்தார்.

ஸ்காட்லாந்தில் இருந்த படைகளின் குதிரைகளுக்குத் தீவனம் வழங்கும் இரண்டு ஒப்பந்தங்களை வால்போல் போர்த்துறைச் செயலராக இருந்தபோது அளித்திருந்தார். அவற்றில் ஒரு பங்கை ராபர்ட் மான் என்னும் தம் நண்பருக்கு ஒதுக்கினார். ஒப்பந்தக்காரர்கள் அப்பங்கை விட்டுக்கொடுக்கச் செய்து, ஈடாக ஒருமுறை 500 கினியும், மற்றொருமுறை 500 பவுண்டுக்கான முறியும் தந்தனர். முறிகள் வால்போலின் பெயரால் எழுதப்பட்டிருந்தன. பணம் நண்பருக்கே உரியது, தமக்கன்று என அவர் விளக்கினார். அவ்விளக்கம் உண்மையாக இருப்பினும், அரசு ஒப்பந்தத்தில் நண்பருக்குப் பங்கு ஒதுக்கியது முறையாகாது என்பதை மறுப்பதற்கில்லை.

அம்முறைகேட்டை ஆராய்ந்த மன்றமும் அதற்கு விதிக்கப்பட்ட தண்டனையுமே இங்குக் கருதத்தக்கவை. நீதிமன்றம் எதுவும் இவ்வழக்கை விசாரிக்கவில்லை. பொதுமக்கள் அவையே குற்றம் சாட்டியது, தீர்ப்பளித்தது, தண்டித்தது. 1712 ஜனவரியில் வால்போல் ஊழல் புரிந்தவர் என அவை வாக்கெடுத்து முடிவு செய்து, உறுப்பினர் பதவியைப் பறித்து, லண்டன் கோபுரச் சிறைக்கு அனுப்பியது. குற்றவாளி என்பதற்குக் கிடைத்த வாக்குவேறுபாடு சிறையிடுவதற்குக் கிடைக்கவில்லை. டோரிகளிலேயே சிலர் அவ்வளவு தூரம் செல்ல விரும்பவில்லை. கோபுரச் சிறை அவருக்கு அவமானமாகவும் அமையவில்லை. விக் தலைவர்கள் அணியணியாக வந்து கண்டனர். கிங்ஸ் லின் வாக்காளர்கள் சிறையிலிருந்தவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். அவை அத்தேர்வு செல்லாது என்றது. ஏறத்தாழ ஆறு திங்கள் சிறையிருந்து ஜூலையில் வெளிவந்தவர், 1713இல் திரும்பவும் உறுப்பினரானார். எதிரணியின் எளிய உறுப்பினரை விக் கட்சியின் தியாகியாக்கியது அத்தண்டனை. கட்சிப்பகையால் விதிக்கப்படும் தண்டனை, தண்டிக்கப்பட்டவரின் தவற்றையும் சேர்த்தே மறக்கச்செய்கிறது.

குற்றம் சாட்டுபவராக

1714இல் ஆன் அரசி இறந்து முதலாம் ஜார்ஜ் அரியணை ஏறியதும் நிலைமை தலைகீழாயிற்று. டோரி அமைச்சர்களின் செயல்களை ஆராய 1715இல் அமைந்த 21 உறுப்பினர் கொண்ட மறைவுக்குழுவுக்கு வால்போலே தலைவர். பாலிங்புரோக் பிரபு பிரான்சுக்குத் தப்பினார். முன்னாள் தலைமை அமைச்சரும் ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவுமான ராபர்ட் ஹார்லி தப்பியோட மறுத்தார். அவர் இரண்டாண்டுகள் அதே கோபுரத்தில் விசாரணையின்றி அடைபட்டார். இங்குச் சாட்டப்பட்டது ஊழலினும் கொடிய அரசத்துரோகம்.

1717இல் வழக்கு விசாரணைக்கு வந்தபோது வால்போல் அமைச்சரவையிலிருந்து விலகி, டோரிகளோடு சேர்ந்து அரசை எதிர்த்துக்கொண்டிருந்தார். இரண்டாண்டுக்கு முன் காட்டிய ஊக்கத்தை இப்போது அவர் காட்டவில்லை. ஈரவைகளும் விசாரணை முறைபற்றிப் பூசலிட, ஹார்லி விடுதலையானார். அவரது குற்றம் இரண்டாண்டில் மாறிவிடவில்லை. வழக்கைத் தொடுத்தவரின் இருக்கை மாறியிருந்தது.

திரையும் பதவியும்

1720இல் தென்கடல் குழுமத்தின் பங்குவிலை வானளாவ ஏறி வீழ்ந்தது. அமைச்சர்கள் பலர் அக்குழுமத்திடம் பங்குகளைக் கையூட்டாகப் பெற்றிருந்தமை வெளியாயிற்று. அரசின் நாணயத்தை மீட்கும் பொறுப்பு வால்போலிடம் வந்தது. நிதியமைச்சர் எய்ஸ்லபி சிறை சென்றார். ஆயினும் கருவூலச் செயலர் சார்லஸ் ஸ்டான்ஹோப் மூன்று வாக்கு வேறுபாட்டில் தப்பினார், சண்டர்லாந்து பிரபுவும் காப்பாற்றப்பட்டார். அரசவையை மறைத்து நின்ற திரை என்று வால்போலை மக்கள் எள்ளினர். நாட்டின் கடன்முறை முற்றிலும் குலைந்துவிடாமல் அவர் காத்தார் என்பதும், அதன் விலையாகப் பெருந்திருடர் சிலர் தண்டனையின்றித் தப்பினர் என்பதும் ஒருசேர உண்மை. 1721 ஏப்ரலில் கருவூலத் தலைமை ஏற்றவர் 1742 வரை அப்பதவியை விட்டு இறங்கவில்லை.

இவ்விருபதாண்டு ஆட்சியில் வழங்கிய ஊழலின் இயல்பை வரையறுப்பது எளிதன்று. வெளிப்படையான கையூட்டைவிட, சட்டம் தடுக்காத கொடைகளே அதன் அடித்தளம். சுங்கத்துறை, கருவூலம், திருச்சபை, படை எனப் பதவி தரும் வாயில் எதுவாயினும் அது அவையின் வாக்கைப் பெறும் கருவியாயிற்று. அவர் மைந்தர் மூவரும் உழைப்பின்றி ஊதியம் தரும் கருவூலப் பதவிகளைப் பெற்றனர். 1725இல் புதுப்பிக்கப்பட்ட பாத் விருது, வழங்குவதற்குரிய பரிசில்களின் எண்ணிக்கையைக் கூட்டியது. ஸ்விஃப்ட் கதையில் அமைச்சர்கள் தாவிக்குதித்துப் பெறும் நீலம், சிவப்பு, பச்சை நூலிழைகள் அன்றைய மூன்று விருதுகளின் நிறங்களே. தீவன ஒப்பந்தத்து 1,000 பவுண்டுக்குச் சிறை கண்டவர்மீது, வாழ்நாள் முழுதும் வருவாய் தந்த இப்பதவிகளுக்காக எவரும் வழக்குத் தொடுக்கவில்லை. அவற்றை டோரிகளும் நல்கியிருந்தனர். மீண்டும் வந்தால் நல்கவும் இருந்தனர்.

எதிரணியின் எழுத்து

மன்னிப்புப் பெற்று நாடு திரும்பிய பாலிங்புரோக்குடன், வால்போலின் பழைய விக் தோழர் வில்லியம் புல்ட்டனி இணைந்தார். 1726 இறுதியில் இருவரும் கிராஃப்ட்ஸ்மன் என்னும் இதழைத் தொடங்கினர். புல்ட்டனிக்கு எதிர்பார்த்த பதவி கிட்டவில்லை என்பது நினைவில் கொள்ளத்தக்கது. 1731இல் அவர் பெயர் அரசவை ஆலோசகர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில், அரசுதரப்பு ஹெர்வி பிரபுவோடு அவர் வாட்போரும் புரிந்திருந்தார்.

1733இல் புகையிலைக்கும் மதுவுக்கும் கலால் வரி விதிக்கும் திட்டம் கொண்டுவரப்பட்டபோது, அதிகாரிகள் ஒவ்வொரு வீட்டிலும் நுழைவர் என எதிரணி அச்சமூட்டியது. அவையில் பெரும்பான்மை 17 வாக்காகச் சுருங்கவே திட்டம் கைவிடப்பட்டது. கடத்தலைத் தடுக்கும் நல்ல சீர்திருத்தம் ஒன்று இவ்வாறு கட்சிப்பகைக்குப் பலியானது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. எழுத்துக்கு எழுத்தாலும் தடையாலும் வால்போல் விடையிறுத்தார். கேயின் அடுத்த நாடகம் மேடையேறத் தடைவிதிக்கப்பட்டது. 1737இன் நாடக உரிமச்சட்டம் ஃபீல்டிங்கை மேடையிலிருந்து அகற்றியது. ஆங்கில நாவல் அவரைப் பெற்றமைக்கு இச்சட்டமும் ஒரு காரணம்.

1741 பிப்ரவரி

ஸ்பெயினோடு 1739இல் தொடங்கிய போர் வால்போலின் விருப்பத்திற்கு மாறானது. அது நன்கு நடைபெறவும் இல்லை. 1741 பிப்ரவரி 13 அன்று, வால்போலை என்றென்றைக்கும் அரசவையிலிருந்து நீக்க மன்னரை வேண்டும் தீர்மானத்தைச் சாண்டிஸ் என்னும் உறுப்பினர் முன்மொழிந்தார். குறிப்பிட்ட குற்றத்திற்குச் சான்று எதுவும் வைக்கப்படவில்லை; நாடெங்கும் பரவிய வெறுப்பே சான்றாகக் காட்டப்பட்டது.

அவையில் எட்வர்ட் ஹார்லி இருந்தார். இவர் ராபர்ட் ஹார்லியின் தம்பிமகன், உறுதியான டோரி. பெரியதந்தையைச் சிறைக்கு அனுப்பிய குழுவின் தலைவரே இன்று குற்றக்கூண்டில் நின்றார். பழிதீர்க்க இதனினும் ஏற்ற நாள் வாய்த்திராது. எழுந்து பேசிய ஹார்லி, தம் குடும்பத்திற்கு இம்மனிதர் செய்த கொடுமையை மறைக்கவில்லை. அச்சிறைவாசம் பெரியதந்தையின் ஆயுளைக் குறைத்ததையும் எடுத்துரைத்தார். ஆயினும் சான்றின்றி ஒருவரைத் தண்டிக்கத் தாம் உடன்படுவதில்லை என்றும், தம் குடும்பத்திற்கு மறுக்கப்பட்ட நீதியை வால்போலுக்கு வழங்குவதாகவும் கூறினார். வாக்களிக்காமல் வெளியேறினார். ஷிப்பன் தலைமையில் முப்பதுக்கும் மேற்பட்ட டோரிகளும் வெளியேறினர். தீர்மானம் 290க்கு 106 என்னும் வேறுபாட்டில் தோற்றது. குறளின் இன்னாசெய்யாமை அதிகாரம் பயின்ற தமிழ் வாசகருக்கு அவ்வுரையின் கருத்து புதிதன்று; முப்பதாண்டுக் கட்சிப்பகையின் நடுவே அது நிகழ்ந்தமையே வியப்பு.

வீழ்ச்சியும் விசாரணையும்

அவ்வாண்டுப் பொதுத்தேர்தல் வால்போலின் பெரும்பான்மையைக் கரைத்தது. தேர்தல் வழக்குகளையும் அன்று அவையே கட்சிவாக்கால் தீர்த்தது. அம்முறையால் பல்லாண்டு பயன்பெற்றவர் அதனாலேயே வீழ்ந்தார். சிப்பனம் தொகுதி வழக்கில் 1742 ஜனவரி இறுதியில் ஒரே வாக்கால் தோற்று, சில நாள்களில் மீண்டும் தோற்றார். ஆர்ஃபோர்டு பிரபு பட்டத்துடன் பிப்ரவரி 11 அன்று பதவி துறந்தார்.

இருபதாண்டு ஆட்சியையும் ஆராயவேண்டும் என்ற தீர்மானம் இரண்டு வாக்கால் தோற்றது. இறுதிப் பத்தாண்டை ஆராயும் தீர்மானம் ஏழு வாக்கால் வென்றது. விசாரணையை வலியுறுத்தியோருள் வில்லியம் பிட்டும் ஒருவர். இவர் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக 1698 முதல் 1709 வரை இருந்த தாமஸ் பிட்டின் பெயரர். இவர் அவைக்கு வந்த ஓல்டு சாரம் தொகுதியோ, குடியிருப்போரே இல்லாத, குடும்பச் சொத்தாக இருந்த தொகுதி.

பத்தாண்டில் இரகசியச் செலவாக ஏறத்தாழ 14.5 லட்சம் பவுண்டு சென்றது எனவும், அதில் 50,000 பவுண்டுக்கு மேல் இதழாளர்க்கும் அச்சகத்தார்க்கும் தரப்பட்டது எனவும் மறைவுக்குழு கண்டறிந்தது. முதல் தொகையில் தூதரகச் செலவும் முறையான ஓய்வூதியங்களும் கலந்திருந்தமையால், அதனை முழுதும் கையூட்டாகக் கொள்ளுதல் தகாது. இரண்டாவது தொகைக்கு அத்தகைய விளக்கம் இல்லை. கருவூல வழக்கறிஞர் பாக்ஸ்டன் விடைதர மறுத்து நியூகேட் சிறை சென்றார். முதிய கருவூலச் செயலர் ஸ்க்ரோப்பும் வாய்திறக்கவில்லை. சாட்சி கூறுவோரைத் தண்டனையிலிருந்து காக்கும் மசோதாவைப் பிரபுக்கள் அவை தள்ளியது. விசாரணை அத்துடன் அடங்கிற்று. ஊழலுக்கு எதிராகப் பதினாறாண்டு எழுதிய புல்ட்டனி, அதே ஆண்டில் பாத் பிரபுவாகி மக்கள் மதிப்பை இழந்தார்.

வால்போல் 1745 மார்ச் 18 அன்று லண்டனில் இறந்து ஹவுட்டனில் அடக்கம் செய்யப்பட்டார். எதிரிகள் பெருஞ்செல்வக் குவியலை எதிர்பார்த்தனர். எஞ்சியவை ஒரு மாளிகை, அதை நிரப்பிய ஓவியங்கள், கடன். அவ்வோவியங்களை 1779இல் அவர் பெயரர் 40,000 பவுண்டுக்கு மேற்பட்ட விலைக்கு ரஷ்யப் பேரரசி காதரைனிடம் விற்றார்.