மிக்கி மவுஸுக்கு முன்னாடி ஒரு பூனை இருந்துச்சு... சத்தம் வந்ததும் அது காணாமல் போனது ஏன்?

1920-களில் உலகின் நம்பர் ஒன் கார்ட்டூன் ஸ்டார் யாரு தெரியுமா? மிக்கி இல்லை. ஃபீலிக்ஸ் என்ற கறுப்புப் பூனை. அதன் முதலாளி பேட் சல்லிவன்.

சிட்னியில் பிறந்து, லண்டன் வழியாக நியூயார்க் வந்து ஸ்டூடியோ போட்டவர் சல்லிவன். நல்ல மனிதர் என்று சொல்ல முடியாது. 1917-ல் ஒரு சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் தண்டனை பெற்று ஜெயிலுக்குப் போனவர். வெளியே வந்த பிறகு, 1919-ல் ஃபீலிக்ஸ் திரைக்கு வந்தது. அதை உருவாக்கியது தான்தான் என்றார். ஆனால், பெரும்பாலான அனிமேஷன் வரலாற்றாசிரியர்கள் கைகாட்டுவது அவரிடம் வேலை பார்த்த ஓட்டோ மெஸ்மரை. படங்களில் மெஸ்மர் பேரே வராது!

ஃபீலிக்ஸின் மேஜிக்கே மௌனம்தான். யோசித்தால் தலைக்கு மேலே கேள்விக்குறி முளைக்கும். அதையே பிடுங்கி கொக்கியாக மாட்டி ஏறிவிடும். வாலும் அப்படித்தான், தேவைப்பட்டதாக மாறும். கண்ணாலேயே புரியும் காமெடிக்கு வசனம் எதுக்கு?

சல்லிவனும் அப்படித்தான் நினைத்தார். படங்களை வெளியிட்டுவந்த எஜுகேஷனல் பிக்சர்ஸ் நிறுவனத்துடனான ஒப்பந்தம் 1928-ல் முடிந்தது. பேசும் படத்துக்கு மாற அவர் தயங்கினார். அதே ஆண்டு நவம்பர் 18-ல் நியூயார்க்கில் டிஸ்னியின் ‘ஸ்டீம்போட் வில்லி’ ரிலீஸ். ஓவர்நைட்டில் ஆட்டமே மாறிப்போச்சு.

1929-ல் சல்லிவன் இறங்கிவந்தார். கோப்லி பிக்சர்ஸ் மூலம் சத்தத்தோடு ஃபீலிக்ஸ் வந்தது. பிரச்சினை எங்கே? டிஸ்னி டீம் தாளத்தைக் கணக்குப் போட்டு, அதற்கேற்ப ஃபிரேம் ஃபிரேமாக வரைந்தது. ஃபீலிக்ஸில் படத்தை முடித்துவிட்டு, மேலே இசையையும் மியாவையும் ஒட்டினார்கள். நடை ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். 1930-லேயே கதை முடிஞ்சது.

ஏற்கெனவே குடியில் மூழ்கியிருந்தவர் சல்லிவன். 1932-ல் மனைவி மார்ஜரி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். 1933 பிப்ரவரியில் சல்லிவனும் போய்ச் சேர்ந்தார். ஸ்டூடியோவுக்குப் பூட்டு.

மெஸ்மர்? 1950-கள் வரை காமிக்ஸில் ஃபீலிக்ஸை வரைந்துகொண்டிருந்தார். பூனையின் உரிமை மட்டும் கடைசி வரை அவர் கைக்கு வரவில்லை.