தங்கையின் நினைவில் எழுந்த மருத்துவமனை

நோயாளியை அழைத்துக்கொண்டு தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் பரேல் டாடா நினைவு மருத்துவமனைக்குச் செல்லும் நம்மவர்கள் அறிய வேண்டிய பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்த அம்மையாருக்குச் சிறு வயதிலேயே கண்பார்வை குறைவு. உடலும் பலவீனம். ஆயினும் படிப்பை விடவில்லை. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

ஊராருக்கு வைத்தியம் பார்த்தவரால் சொந்தத் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. மலக்குடல் புற்றுநோயால் தங்கை பட்ட வேதனையைக் கண்ணால் கண்டார். கற்ற வைத்தியம் கைகொடுக்கவில்லை. 1923இல் தங்கை கண்மூடினார். அந்தத் துயரம் அம்மையாரை முடக்கிவிடவில்லை. 1925இல் மேற்படிப்புக்காக லண்டன் சென்றபோது அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையைக் கண்டார். இப்படியொன்று நம் நாட்டிலும் வேண்டும் என்று உறுதி பூண்டார்.

மனைவியை ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் தோராப்ஜி டாடா. அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை எழுப்பிய பரேல் மருத்துவமனை 1941இல் திறக்கப்பட்டது. தென்னாட்டிலோ புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை அப்போது இல்லை. அம்மையாருக்குப் பின்னால் பெரும் செல்வம் ஏதும் கிடையாது. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நன்கொடை திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கியபோது அம்மையாருக்கு வயது 67. தங்கை மறைந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கேயே பணியாற்றி அதை வளர்த்தார். அம்மையார் 1968இல் மறைந்தார். தம் தங்கைக்குக் கிடைக்காத சிகிச்சை பிறர் வீட்டுத் தங்கைகளுக்குக் கிடைக்க வழி செய்துவிட்டே சென்றார்.