குழாய் ஊசியால் புரை நீக்கிய மவ்ஸில் கண் மருத்துவர்

முஸ்லிம் விஞ்ஞானிகள் பட்டியல் ஒன்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது சுற்றி வரும். அதில் அம்மார் இப்னு அலீ அல்மவ்ஸிலீ என்ற பெயருக்கு எதிரே, கண்புரை அறுவை சிகிச்சையைக் கண்டுபிடித்தவர் என்று ஒரு வரி இருக்கும். அது சரியான தகவல் அல்ல. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தியாவில் சுஸ்ருதரின் மருத்துவ நூலிலும், கிரேக்க, ரோம மருத்துவத்திலும் புரைக்கான ஊசி சிகிச்சை இருந்தது. அம்மார் செய்தது வேறு. அதை உள்ளபடி தெரிந்துகொண்டால் அவர் மீது நமக்கு மதிப்பு கூடுமே தவிர குறையாது.

இராக்கின் மவ்ஸில் நகரைச் சேர்ந்தவர் அம்மார். ஊர் ஊராகச் சென்று கண் வைத்தியம் பார்த்தவர். இராக், ஷாம், பலஸ்தீன் எனப் பல பகுதிகளில் சிகிச்சை அளித்துவிட்டுக் கடைசியில் எகிப்தில் தங்கினார். அப்போது அங்கே ஃபாத்திமி ஆட்சியாளர் அல்ஹாகிம் (ஆட்சிக்காலம் 996 - 1021) அதிகாரத்தில் இருந்தார். ஒளியியல் மேதை இப்னுல் ஹைஸம் கெய்ரோவுக்கு வந்ததும் இதே ஆட்சியாளரின் காலத்தில்தான். கண்ணுக்குள் ஒளி எப்படி வருகிறது என்று ஆராய்ந்தவரும், அந்த ஒளிக்கு வழி திறந்துவிட்டவரும் ஒரே காலத்தில் ஒரே நாட்டில் வாழ்ந்திருக்கிறார்கள்.

அல்முன்தகப் என்ற கண் மருத்துவ நூலை அம்மார் எகிப்தில் எழுதினார். முன்னோர் சொன்னதைத் தொகுத்துக் கொடுப்பதோடு அவர் நிற்கவில்லை. தாமே செய்த ஆறு புரை சிகிச்சைகளை, யாருக்கு, எந்த ஊரில், என்ன நடந்தது என்று தனித்தனியாகப் பதிவு செய்திருக்கிறார்.

அக்காலத்துச் சிகிச்சை எப்படி நடந்தது என்று பார்ப்போம். அரபு மருத்துவர்கள் புரையை மாஃ, அதாவது தண்ணீர் என்றே அழைத்தார்கள். கண்ணின் பாவைக்குப் பின்னால் ஏதோ நீர் இறங்கிக் கட்டியாகிவிடுகிறது என்பது அவர்களுடைய எண்ணம். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்கள், இன்றும் அங்கே புரைக்கு வெண்ணீர் என்ற பொருள் தரும் சொல்லே வழங்குவதைக் கேட்டிருப்பார்கள். உண்மையில் புரை என்பது நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸே மங்கிப்போவது. இது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உறுதியானது.

மருத்துவர் ஒரு திண்ணமான ஊசியைக் கண்ணுக்குள் செலுத்தி, மங்கிய பகுதியைப் பார்வையின் வழியிலிருந்து கீழே தள்ளிவிடுவார். அது கண்ணுக்குள்ளேயே கிடக்கும். இதில் முதல் கவலை ஊசியை எங்கே நுழைப்பது என்பதுதான். நேர்வழி கருவிழி. ஆனால் கண்ணின் கண்ணாடி ஜன்னல் அதுதான். அரபியில் அதற்கு கர்னிய்யா என்று பெயர். கொம்பை மெல்லியதாகச் சீவினால் ஒளி ஊடுருவுமே, அந்தக் கொம்பிலிருந்து வந்த சொல். லத்தீன் வழி வந்த கார்னியாவுக்கும் பொருள் அதுவே. அங்கே ஆழமான காயம் பட்டால் ஆறிய இடத்தில் வெள்ளைத் தழும்பு விழும். புரை போயும் பார்வை வராது. அதனால் கருவிழியின் விளிம்பிலிருந்து கோலின் பருமன் அளவு தள்ளி, காதுப் பக்கமாக வெள்ளைவிழியில் இடம் குறித்து நுழைப்பார்கள். கருவிழி அவர்களுக்கு உள்ளே நடப்பதைப் பார்க்கும் ஜன்னல் மட்டுமே. மரத்துப்போகச் செய்யும் மருந்து 1884இல்தான் கண் சிகிச்சைக்கு வந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். விழித்திருக்கும் நோயாளி இமைக்காமல் இருக்க வேண்டும், மருத்துவரின் கை நடுங்காமல் இருக்க வேண்டும்.

கருவிழியின் அடிப்பகுதியை வெட்டிப் புரையை வெளியே எடுப்பவர்களும் இருந்தார்கள். அம்மாரின் சமகாலத்தவரான இப்னு ஸீனா தமது கானூனில் அந்த முறையைக் குறிப்பிட்டு, கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் புரையோடு சேர்ந்து வெளியேறிவிடும் ஆபத்தைச் சுட்டிக்காட்டுகிறார்.

ஊசியால் தள்ளிவிடும் முறையிலும் ஒரு பெரிய குறை இருந்தது. தள்ளிய புரை மீண்டும் மேலே எழும்பலாம். அது எழும்பாமல் இருக்க நோயாளி பல நாட்கள் அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். தொழுகையாளிக்கு இது எவ்வளவு பெரிய சோதனை! இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு முதுமையில் பார்வை மங்கியபோது, சில நாட்கள் படுத்தபடியே தொழச் சம்மதித்தால் வைத்தியம் செய்வதாகச் சொல்லப்பட்டதாகவும், அவர்கள் அதை ஏற்கவில்லை என்றும் அறிவிப்பு உள்ளது. பிற்கால ஃபிக்ஹு நூல்களில் கண்ணில் நீர் இறங்கியவரின் தொழுகை தனி மஸ்அலாவாகவே இடம்பெற்றது. நம்பகமான மருத்துவர் சொன்னால் படுத்துத் தொழலாம் என்பதே ஹனஃபி மத்ஹபின் நிலை. ஷாஃபிஈ மத்ஹபிலும் சரியான கருத்தாக இமாம் நவவீ முதலியோர் அதையே கொண்டனர். மாலிகி அறிஞர்களிடம் மாற்றுக் கருத்து இருந்தது.

அம்மார் இந்தக் குறையைத் தீர்க்க நினைத்தார். புரையைக் கண்ணுக்குள்ளேயே விடுவதால்தானே இத்தனை கட்டுப்பாடு? அதை உறிஞ்சி வெளியே எடுத்துவிட்டால்? கருவிழியை வெட்டாமல், பழைய பக்கவாட்டு வழியிலேயே நுழையக்கூடிய ஓர் ஊசியை உள்ளே துளையிட்டு உலோகத்தில் செய்தார். கண்ணாடிக் குழாயால் புரையை உறிஞ்சும் பழைய யோசனை ஒன்று அர்ராஸீயின் பெருநூலில் பதிவாகியிருப்பது உண்மை. ஆனால் அதை வேலைக்கு உதவும் கருவியாக்கி, நோயாளியிடம் செய்து பார்த்து, நடந்ததை எழுதிவைத்தவர் அம்மார்.

நம்மை மிகவும் கவர்ந்தது இதற்குப் பிறகு அவர் காட்டிய பொறுமை. ஊசி தயாரான பிறகும் அவர் அதை யாருடைய கண்ணிலும் சோதித்துப் பார்க்கவில்லை. பலஸ்தீனின் தபரிய்யா நகருக்கு வரும்வரை அது பயன்படுத்தப்படாமலேயே இருந்தது. அங்கே ஒருவர் சிகிச்சைக்கு வந்தார். என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், ஆனால் என்னால் மல்லாந்து படுக்க முடியாது என்பது அவருடைய நிலை. பழைய முறை இவருக்குப் பலன் தராது என்று தெளிவானதும்தான் அம்மார் குழாய் ஊசியை எடுத்தார். புரை வெளியே வந்தது. அவருக்கு உடனே பார்வை கிடைத்தது. ஏழு நாட்கள் கண்ணுக்குக் கட்டுப் போட்டதைத் தவிர வேறு கட்டுப்பாடு இல்லை. விரும்பியபடி படுத்துத் தூங்கினார். பிறகு எகிப்தில் பலருக்கும் இதே ஊசியால் சிகிச்சை செய்ததாக அம்மார் எழுதுகிறார்.

இராக்கில் துளையுள்ள ஊசியால் புரையை உறிஞ்சுகிறார்களாம் என்ற செய்தி அந்தக் காலத்திலேயே ஸ்பெயினின் குர்துபா வரை எட்டியிருந்தது. அறுவை சிகிச்சை மேதை அஸ்ஸஹ்ராவீ தம் நூலில் அதைக் கேள்விப்பட்டதாகக் குறிப்பிட்டு, தம் நாட்டில் தாம் அதைப் பார்த்ததில்லை என்றும் சொல்கிறார்.

குழாய் ஊசி எல்லாப் புரைக்கும் ஏற்றதல்ல. மென்மையான புரையைத்தான் உறிஞ்ச முடியும். முதுமையில் கல்லாக இறுகிய புரை அந்தச் சிறு துளை வழியே வராது. துளை வேண்டும் என்பதால் ஊசியும் சற்றுப் பருமனாகும், காயமும் பெரிதாகும். அதனால் பழைய முறையும் உடன் தொடர்ந்தது. அம்மாரின் நூல் 13ஆம் நூற்றாண்டில் ஹீப்ரு மொழிக்குச் சென்றது. 1905இல் கண் மருத்துவ வரலாற்று ஆசிரியர் ஹிர்ஷ்பெர்க் தம் நண்பர்களுடன் சேர்ந்து அதை ஜெர்மனில் வெளியிட்டார். ஐரோப்பிய ஆய்வாளர்கள் அவரை முழுமையாக அறிந்தது அதன் பிறகே.

இதற்கிடையே 1747இல் பிரான்ஸின் ஜாக் தவியேல், அம்மார் தவிர்த்த வழியில் போனார். கருவிழியின் கீழ் விளிம்பைத் திறந்து புரையை வெளியே எடுத்தார். இறுகிய புரைக்கு அதுதான் தீர்வு. ஆனால் கருவிழி நேரடி ஆபத்துக்குள் வந்தது. 1967இல் அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் கெல்மன், நுண்ணொலி அதிர்வால் புரையைக் கரைத்துக் குழாய் ஊசி வழியாகவே உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். கல்லாக இறுகிய புரையும் இப்போது சிறு துளை வழியே வருகிறது.

இன்று நம் உம்மா வாப்பாவுக்குச் செய்வது பெரும்பாலும் இதுதான். கருவிழி பற்றிய கவலை மட்டும் இன்னும் தீரவில்லை. கருவிழியின் உட்புறத்தில் ஒரே அடுக்காக உயிரணுக்கள் உள்ளன. பெரியவர்களுக்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 2500 இருக்கும். கருவிழிக்குள் நீர் தேங்காமல் வெளியேற்றுவது அவற்றின் வேலை. இறந்தால் புதிதாக முளைக்காது. அதிர்வும் உடைந்த துண்டுகளும் அவற்றில் படாமலிருக்க, 1980 வாக்கிலிருந்து மருத்துவர்கள் சிகிச்சையின்போது கண்ணுக்குள் ஒரு தெளிந்த ஜெல்லை நிரப்பி, முடிந்ததும் எடுத்துவிடுகிறார்கள். ஏற்கெனவே கருவிழி பலவீனமானவர்களுக்கு இந்த உயிரணுக்களை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் பரிசோதனையும் உண்டு. வீட்டுப் பெரியவரை அழைத்துச் செல்பவர்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். சிகிச்சைக்குப் பின் எத்தனை நாள் குனியக்கூடாது, ஸஜ்தாவுக்குப் பதில் நாற்காலியில் அமர்ந்து சைகை செய்ய வேண்டுமா என்பதையும் அதே நேரத்தில் கேட்டுக்கொண்டு வந்தால், மஹல்லா இமாமிடம் மஸ்அலா கேட்பது எளிதாக இருக்கும்.