விறகில் லாரி ஓட்டிய ஜார்ஜ் இம்பெர்ட்

கரி பஸ் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது பெட்ரோல் கிடைக்கவில்லை. நம் பக்கத்து பஸ்களின் பின்னால் உருளை போல ஓர் அடுப்பை மாட்டி, அதில் கரியைக் கொட்டி, வரும் வாயுவில் இன்ஜினை ஓட்டினார்கள். அதே காலத்தில் ஐரோப்பாவில் கரி கூட இல்லாமல், வெறும் விறகுத் துண்டுகளைப் போட்டே லாரியும் டிராக்டரும் ஓடின. அதற்கு வழி செய்தவர் ஜார்ஜ் இம்பெர்ட். கருவேல விறகு, தேங்காய்த் தொட்டி, பருத்திமார் என்று எதையாவது எரித்து மோட்டார் ஓட்ட முடியுமா என்று யோசிக்கிற விவசாயி அவர் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

இம்பெர்ட் 1884-ல் பிறந்தார். பிரான்சும் ஜெர்மனியும் மாறி மாறிச் சொந்தம் கொண்டாடிய அல்சாஸ்-லொரேன் பகுதிதான் அவர் மண். அவர் பிறந்தபோது அது ஜெர்மனியிடம் இருந்தது. முதல் உலகப் போர் முடிந்ததும் பிரான்சுக்குப் போனது. 1940-ல் மறுபடி ஜெர்மனி, போர் முடிந்ததும் மறுபடி பிரான்சு. நான்கு ஆட்சிகளைப் பார்த்த மண் அது. படித்தது வேதியியல், முல்ஹவுஸ் நகரில்.

அந்தப் பகுதியில் காடு அதிகம், பெட்ரோல் வெளியிலிருந்துதான் வர வேண்டும். முதலில் அவரும் மற்றவர்களைப் போலக் கரியில்தான் முயன்றார். கரி சுலபம், புகை குறைவு, இன்ஜினுக்கும் தொல்லையில்லை. ஆனால் கரி மூட்டம் போட்டவர்களுக்குத் தெரியும்: நான்கைந்து மூட்டை விறகை வேக வைத்தால் ஒரு மூட்டைக் கரி தேறும். விறகில் இருக்கும் சூட்டில் பாதிக்கு மேல் மூட்டத்திலேயே புகையாகப் போய்விடும். அந்தப் புகையையும் இன்ஜினுக்கு உணவாக்கினால் என்ன என்பதுதான் இம்பெர்ட் பிடித்துக்கொண்ட விஷயம்.

அதற்குக் குறுக்கே நின்றது தார். விறகுப் புகை ஆறும்போது கருப்பாகப் பிசுபிசுவென்று படிகிறதே, அதுதான். சமையலறைக் கூரையில் படிந்தால் ஒட்டடை அடிக்கலாம். இன்ஜின் வால்வில் படிந்தால் வால்வு ஒட்டிக்கொள்ளும், வண்டி நின்றுவிடும். வடிகட்டி எத்தனை வைத்தாலும் தீராத தலைவலி.

1920-களில் இம்பெர்ட் செய்தது, தாரை வடிகட்டுவதை விட்டு, உண்டாகும் இடத்திலேயே உடைப்பது. அடுப்பின் மேலே விறகுத் துண்டுகள். நடுவில் சுற்றிலும் காற்றுத் துளைகள். அதற்குக் கீழே அடுப்பின் கழுத்தை ஒடுக்கிவிட்டார். கழுத்துக்குக் கீழே தணல் படுக்கை. இன்ஜின் இழுக்கும்போது வாயு மேலே போகாமல் கீழ்நோக்கி வரும். விறகிலிருந்து வரும் புகை முழுவதும் ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் அந்த ஒடுங்கிய கழுத்து வழியாகத்தான் நுழைந்தாக வேண்டும். அங்கே தார் உடைகிறது. கீழே உள்ள தணல், கரியமில வாயுவைக் கார்பன் மோனாக்சைடாகவும் நீராவியை ஹைட்ரஜனாகவும் மாற்றுகிறது. இவை இரண்டும்தான் எரியும் சரக்கு. வாயுவில் ஏறக்குறைய பாதி எரியாத நைட்ரஜன். அதனால் பெட்ரோலில் கிடைக்கும் இழுவை இதில் கிடைக்காது, மூன்றில் ஒரு பங்காவது குறையும். சுமார் இரண்டரை முதல் மூன்று கிலோ காய்ந்த விறகு ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்யும்.

விறகு காய்ந்திருக்க வேண்டும் என்பதில் சமரசமே கிடையாது. ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போனால் கழுத்தில் சூடு இறங்கும், சூடு இறங்கினால் தார் உடையாது. துண்டுகளும் கைக்கு அடக்கமாக, ஒரே அளவாக வேண்டும். நீங்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். நெல் உமியை இம்பெர்ட் அடுப்பில் கொட்டினால் கழுத்தில் அடைத்துக்கொள்ளும். உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் வேறு. தேங்காய்த் தொட்டியை உடைத்துப் போட்டால் நன்றாக வேலை செய்யும். பிற்காலத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மேல்பக்கம் திறந்த, கழுத்தில்லாத வேறு அமைப்பை உருவாக்கியதற்கு இப்படிப்பட்ட சிக்கல்களும் ஒரு காரணம். உமிக்கு அடுப்பு தேடுகிறவர் விற்பவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். இன்னொன்று, டீசல் இன்ஜின் இந்த வாயுவில் மட்டும் ஓடாது. பற்ற வைக்கக் கொஞ்சம் டீசல் போயே ஆக வேண்டும்.

இம்பெர்ட்டின் அடுப்பு அவர் ஊரைவிட வெளியேதான் பெரிதாக வளர்ந்தது. ஜெர்மனியில் கொலோன் நகரில் அவர் பெயரையே தாங்கிய நிறுவனம் அதைத் தயாரித்தது. போர் முடியும் நேரத்தில் ஜெர்மனியில் மட்டும் சுமார் 5 லட்சம் வண்டிகள் மர வாயுவில் ஓடின. ஸ்வீடனிலும் பெரும்பாலான வண்டிகள் மரத்துக்கும் கரிக்கும் மாறின.

அந்த ஆண்டுகளில் உயிர்களும் போயின. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. மூடிய கொட்டகையில் அடுப்பைப் பற்ற வைத்தவர்கள், இன்ஜின் நின்ற பிறகு கசிந்த வாயுவைச் சுவாசித்தவர்கள் தலைவலியில் தொடங்கி மயங்கி விழுந்தார்கள். ஸ்வீடனில் மருத்துவர்கள் இதைத் தனி நோயாகவே கவனிக்க வேண்டியிருந்தது. அதனால் இப்படிப்பட்ட அடுப்பை வைத்தால் நாலு பக்கமும் காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். அது மோட்டார் அறையாக இருந்தாலும் சரி, கதவைச் சாத்திவிட்டு உள்ளே படுக்காதீர்கள்.

போர் முடிந்தது, பெட்ரோல் திரும்பி வந்தது. காலையில் அடுப்பு மூட்டிக் காத்திருந்து, சாம்பல் அள்ளி, வடிகட்டி கழுவி அலுத்துப்போன ஓட்டுநர்கள் அந்த அடுப்புகளைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். இம்பெர்ட் 1950-ல் அல்சாஸில் உள்ள சார்-யூனியன் என்ற சிற்றூரில் காலமானார்.